கை நனைக்காத வேன்

வேன் ஒரு வீடா, இல்லையா? அந்தப் பயணம் முழுக்க ஓடிய வழக்கு இது ஒன்றுதான். வீடுதான் என்று அடித்துச் சொன்னவர் கூடலூர் கர்ணன். ஊரில் தென்னந்தோப்பும் குமுளிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டமும் உள்ளவர். எதிர்த் தரப்பு அவர் மனைவி அனுசுயாவின் தம்பி, தேவாரம் ஈஸ்வரபாண்டி. வழக்கு நடந்த இடம் கூடலூரும் இல்லை, தேவாரமும் இல்லை. நியூசிலாந்தின் மேற்குக் கரை. அங்கே இவர்கள் ஒரு கேம்பர் வேனுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

வேன் என்றால் நம் பக்கம் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் இல்லை. உள்ளேயே அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி. பெஞ்சை இழுத்தால் கட்டில். மேலே பரண் மாதிரி இன்னொரு படுக்கை. கடலோரமாக நிறுத்தி, சமைத்து, தின்று, தூங்கி, மறுநாள் எழுந்து இன்னொரு கடலோரத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் இதே வேலைதான். அந்த ஊர்க்காரர்கள் வருஷம் பூராவும் லீவு சேர்த்து வைத்து இதைச் செய்கிறார்கள்.

சண்டை ஆரம்பித்தது கம்பத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். கர்ணனின் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் ஈஸ்வரபாண்டிக்குத்தான் முதல் வெற்றிலைத் தட்டு போக வேண்டும். கூட்ட நெரிசலில் கர்ணன் தட்டைத் தன் தோட்டப் பங்காளி பலவேசத்திடம் நீட்டிவிட்டார். மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஈஸ்வரபாண்டி பந்தியில் போய் உட்கார்ந்தான். இலை போட்டார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. சோற்றில் கை வைக்காமல் எழுந்து நடந்து போய்விட்டான்.

போட்ட இலையிலிருந்து எழுந்து போவதற்குப் பதில் செருப்பைக் கழற்றி இரண்டு அடி போட்டிருக்கலாம். கர்ணன் மண்டப வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, வந்த சனம் அத்தனையும் கேட்கும்படி சொன்னார்: இனி அவன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்.

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வாயால் ஆயிரம் பேசலாம். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது. அதனால் கர்ணன் சொன்னது சாதாரணக் கோபப் பேச்சு இல்லை. சம்பந்தத்தையே அறுத்துக்கொள்கிற பேச்சு. அன்றிலிருந்து அனுசுயா பிறந்த வீட்டுக்கு இழவுக்கு மட்டும்தான் போனாள். போன கையோடு திரும்பினாள்.

இப்போது ஈஸ்வரபாண்டியின் மகள் யுவராணிக்குத் தை மாதம் கல்யாணம். நியூசிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளையும் அங்கேயே இருக்கிற பொட்டிப்புரத்துப் பையன். அவளுக்கு முறைப்பையன் என்று பார்த்தால் கர்ணனின் மகன் விஜய்பாண்டி. அவனும் அதே நாட்டில்தான், ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறான். அவனுக்கு இவளைக் கட்டுகிற எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. பொட்டிப்புரத்துப் பையனை அவளுக்கு அறிமுகம் செய்ததே அவன்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. முறைப்பையன் உள்ள அத்தை வீட்டுக்கு முதலில் வெற்றிலை பாக்கு வைக்காமல் பெண்ணை வெளியே கொடுக்க முடியாது. கொடுத்தால் தேவாரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வெற்றிலையை வாங்க வேண்டியவர் கர்ணன். கை நனைக்காத வீட்டின் வெற்றிலையை அவர் எப்படி வாங்குவார்? அவர் வாங்காவிட்டால் அனுசுயா தன் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போக முடியாது. விஷயம் இவ்வளவுதான்.

மகனைப் பார்க்கக் கர்ணனும் அனுசுயாவும் நியூசிலாந்துக்கு வந்திருந்தார்கள். வேன் எடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று விஜய்பாண்டி சொல்லியிருந்தான். குறித்த நாள் காலையில் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது யுவராணி. பின் சீட்டில் ஈஸ்வரபாண்டி, மடியில் மசாலா டப்பாக்களோடு. மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்படுமுன் அவளோடு கொஞ்ச நாள் இருக்க வந்திருந்தானாம். விஜய்பாண்டி மாடு ஈனுகிறது, லீவு இல்லை என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குள் போய்விட்டான். கர்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் அனுசுயா வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாருமாகச் சேர்ந்து செய்த வேலை என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போவதற்கு அங்கே ஒரு டவுன் பஸ்கூட இல்லை. ஏறிக்கொண்டார். ஏறும்போதே வேன் யார் பேரில் எடுத்தது என்று கேட்டார். ஈஸ்வரபாண்டி மறைக்கவில்லை. தான் எடுத்த வேன்தான் என்றான். அப்படியானால் இது உன் வீடு, நான் இங்கே கை நனைக்க மாட்டேன் என்றார் கர்ணன். வழக்கு தொடங்கியது.

யுவராணி வண்டியை ஓட்டிக்கொண்டே வாதாடினாள். அவளுக்குப் பயமே கிடையாது.

"மாமா, வேனுக்குக் கதவு நம்பர் இருக்கா? வீட்டு வரி இருக்கா?"

"அடுப்பு இருக்குல்ல. அடுப்பு எரிஞ்சா வீடுதான்."

"வாடகை வேன் மாமா இது. சனிக்கிழமை திருப்பிக் குடுத்துருவோம்."

"கூடலூர்ல பாதிப் பேரு வாடகை வீட்லதான் இருக்கான். அதெல்லாம் வீடு இல்லையா?"

"சரி, ராத்திரி இதுலதான படுக்கப் போறீக? படுத்தா வீடு இல்ல, தின்னா மட்டும் வீடா?"

"பஸ்லயுந்தான் படுக்கோம்."

 பின்னாலிருந்து ஈஸ்வரபாண்டி அக்காவிடம், அத்தான் வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.  அனுசுயா, தம்பி உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டு கடலைப் பார்த்தாள். அவள் தின்பதைக் கர்ணன் தடுக்கவில்லை. அவள் ஒன்றும் சத்தியம் செய்யவில்லையே.

வழியெல்லாம் கர்ணன் பெட்ரோல் பங்க் கடைகளில் சாப்பிட்டார். உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, வாழைப்பழம், ரொட்டி. உள்ளே என்ன கறி என்று தெரியாத ஒரு பொட்டலத்தை ஒருநாள் வாங்கி, பாதியில் குப்பையில் போட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உடம்பு. நேரத்துக்கு ஏதாவது உள்ளே போக வேண்டும். அவர் பங்க் வாசலில் நின்று ரொட்டி தின்பதும், வேனுக்குள்ளிருந்து தாளிக்கிற வாசம் வருவதும் ஒன்றாக நடந்தன. கருவேப்பிலை அந்த நாட்டில் எங்கே கிடைத்தது என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு முன்னால் கடைசியாகத் தங்கிய இடத்தில்தான் பங்க் இல்லாமல் போனது. மெயின் ரோட்டை விட்டு ஜல்லிச் சாலையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டியிருந்தது. வழியில் கடை கிடையாது. போன் டவர் கிடையாது. போய்ச் சேர்ந்தால் கடலுக்கு முன்னால் ஒரு புல் மேடு. வண்டி நிறுத்தக் கோடுகூடப் போடவில்லை. ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், அதிலும் காய்ச்சிக் குடிக்கவும் என்று பலகை. இரண்டு மர பெஞ்சு. ஓரமாகத் தகரக் கூரை போட்ட குழிக் கக்கூஸ். தோட்டத்தில் வேலையாட்களுக்குக் கட்டிக் கொடுத்த கக்கூஸே இதைவிட நன்றாக இருக்கும் என்று கர்ணன் நினைத்தார். இதற்கு ஏரோப்ளேன் ஏறி வர வேண்டுமா என்றும் நினைத்தார்.

கடல் பெரிதாக இருந்தது. இரைந்தது. அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. மலையடிவாரத்துக்காரர். நாலு பக்கமும் மலை இருந்தால்தான் திசை பிடிபடும். மணலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று காலைக் கடித்தது. கடித்த இடம் தடித்து, ராத்திரியெல்லாம் அரித்தது.

மறுநாள் காலை ஈஸ்வரபாண்டி ஆட்டுக்கறி எடுத்து வைத்துச் சமைக்க உட்கார்ந்தான். பயணத்தின் கடைசிச் சமையல். வழியில் ஓர் ஊரில் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்த கறி. அவன் அம்மியும் உரலும் இல்லாமலேயே மணக்க வைக்கிற ஆள். குலசாமிக்குக் கிடா வெட்டும்போது தேவாரத்தில் அவன்தான் சட்டிக்குப் பொறுப்பு. ஊரே கறிக்காக உட்கார்ந்திருக்கும். வாசம் எழும்புமுன் கர்ணன் மாத்திரையை விழுங்கிவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தையும் கடைசி இரண்டு வாழைப்பழத்தையும் பெஞ்சில் வைத்துவிட்டு, கடலோரமாக நடக்கப் போனார். ஒரு நடை நடந்து பசியோடு வந்தால் ரொட்டி இறங்கும் என்று கணக்கு.

கடற்கரை முடிகிற பாறை வரைக்கும் நடந்தார். எதிர்க்காற்றில் திரும்பி வர வெகுநேரம் பிடித்தது. வந்து பார்த்தால் பெஞ்சைச் சுற்றிக் கடற்காக்கைகள். வெள்ளைப் பறவைகள், சிவந்த மூக்கு. ரொட்டிப் பொட்டலம் கிழிந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. ஒரு பறவை வாழைப்பழத்தில் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது. கர்ணன் கை ஓங்கினார். அது பழத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றது. அவரைப் பார்த்தது. மறுபடி கொத்தியது.

வேன் கதவு பூச்சிக்காகச் சாத்தியிருந்தது. காற்று கடலிலிருந்து அடித்ததால் வாசம் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அனுசுயாவும் யுவராணியும் தூரத்தில் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள். கர்ணனுக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது. கண்ணுக்கு முன்னால் கடல் கொஞ்சம் மங்கியது. இது சர்க்கரை இறங்குகிற அறிகுறி என்று அவருக்குத் தெரியும். கதவைத் தட்டினால் போதும் என்றும் தெரியும். குழாயடிக்குப் போனார்.

குழாயடியில் ஓர் ஆள் அரிசி கழுவிய பாத்திரத்தை அலசிக்கொண்டே, மேட்டில் அடித்திருந்த டென்ட்டுக்குள் இருந்த மனைவியைப் பார்த்து மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தான். கர்ணனுக்குக் காது நிமிர்ந்தது. ஏலத்தோட்டத்துக்காரருக்கு மலையாளம் சொந்தப் பாஷை மாதிரி. எந்த ஊர் என்று மலையாளத்தில் கேட்டார். கட்டப்பனை என்றான். பேர் பேபிச்சன். அவன் மனைவியும் நர்ஸ். கர்ணன் கூடலூர் என்று சொன்னதும் அவன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"கூடலூரா? அப்ப அணைத் தண்ணி குடிச்சு வளந்த ஆளு."

"நீங்க அணைக்குப் பயந்து வளந்த ஆளு."

அணை ஒன்றுதான்; தண்ணீர் கூடலூர்ப் பக்கத்துக்கு, உடைந்துவிடுமோ என்ற பயம் கட்டப்பனைப் பக்கத்துக்கு. பேபிச்சன் சிரித்தான். இங்கேயும் நமக்கு நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்தான், இதிலாவது கேஸ் போடாமல் இருப்போம் என்றான். பிறகு கர்ணனின் விரலைப் பார்த்தான். என்ன சேட்டா, சாப்பிடவில்லையா என்றான். கர்ணன் பறவையைக் காட்டினார். இத்தனை தூரம் வந்து பட்டினி கிடக்கவா, வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பேபிச்சனின் டென்ட் வாசலில் மடக்கு நாற்காலி. கர்ணன் உட்கார்ந்தார். அறியாத ஆள் வீட்டில் கை நனைக்க அவருக்கு ஒரு தடையும் இல்லை. பீங்கான் தட்டில் சிவப்பு மட்டை அரிசிச் சோறு வந்தது. பேபிச்சன் ஒரு பெரிய பாத்திரத்தைத் திறந்து கரண்டியால் குழம்பு அள்ளி ஊற்றினான். மலையாளத்தான் கறி, தேங்காய் மணக்கும் என்று எதிர்பார்த்த கர்ணன் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. பிசைந்தார். விழுங்கினார். நாலைந்து வாய் போன பிறகுதான் நாக்குக்கு உணர்வு வந்தது. காரம் மலையாளத்துக் காரம் இல்லை. மல்லி வறுத்த பதம் தெரிந்த பதம். அடுத்த பிடியில் சோற்றுக்குள்ளிருந்து ஒரு முழுப்பூண்டு வந்தது. தோலோடு, உரிக்காமல், வெந்து கொழகொழத்துப் போய்.

கறிக் குழம்பில் முழுப்பூண்டைத் தோலோடு போடுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான். கிடாவெட்டில் அந்தப் பூண்டு யார் இலையில் விழுகிறதென்று சிறுசுகள் சண்டை போடும்.

கர்ணன் கையை நிறுத்தினார். இந்தக் குழம்பு யார் வைத்தது என்று கேட்டார்.

பேபிச்சன் சாதாரணமாகச் சொன்னான். காலையில் அந்த வேன்காரர் வந்து, தன்னிடம் இருக்கிற சட்டி சின்னது, பெரிய பாத்திரம் ஒன்று தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தான். திருப்பிக் கொண்டு வரும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். உங்கள் கூட வந்தவர்தானே, உங்களுக்குத் தெரியாதா?

தெரியும் என்றார் கர்ணன்.

ஈஸ்வரபாண்டி இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. செய்யவும் முடியாது. பறவைக்கு அவன் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அவன் அம்மா பழக்கிய பழக்கம். அதே பழக்கம் கர்ணன் வீட்டிலும் உண்டு. அனுசுயா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் ஒரு பிடி சீனியாவது போடாமல் கொடுக்க மாட்டாள்.

கர்ணன் மனதுக்குள் வழக்கை எடுத்து வைத்தார். சோறு பேபிச்சனுடையது. தட்டு பேபிச்சனுடையது. நாற்காலியும் டென்ட்டும் பேபிச்சனுடையவை. குழம்பு மட்டும் அவனுடையது. தான் சொன்னது அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றுதான். அவன் குழம்பைத் தொட மாட்டேன் என்று சொல்லவில்லை. எந்தப் பஞ்சாயத்தில் வைத்தாலும் ஜெயிக்கிற கேஸ். சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. தின்று முடித்து, கை கழுவி, வாய் துடைத்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நாளைக்கு வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தை வரும். தேவாரத்தில் மேளம் அடிக்கும். அனுசுயா கூடலூரில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள்.

ஜெயிக்கிற கேஸ்தான். ஜெயித்து என்ன கிடைக்கும் என்று பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

பூண்டைப் பிதுக்கி உறிஞ்சினார். தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மீதிச் சோற்றையும் வழித்துத் தின்றார். விரல் நடுக்கம் நின்றிருந்தது. பேபிச்சன் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கரண்டியோடு வந்தான். வேண்டாம் என்றார். கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்தான். அதையும் வேண்டாம் என்றார். தட்டைக் கொஞ்சம் கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, எச்சில் கையும் எச்சில் தட்டுமாகப் புல் மேட்டில் இறங்கி வேனைப் பார்த்து நடந்தார். அக்கரைச் சீமையில் இப்படி ஓர் ஆள் நடந்து போவதை அந்த இடம் பார்த்திருக்காது. அந்த வெள்ளைப் பறவை கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது.

இடது கையால் கதவைத் தட்டினார். ஈஸ்வரபாண்டி திறந்தான். வேட்டியை மடித்துக் கட்டிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முழங்கை வரை நுரை.

"மறுசோறு போடு" என்றார் கர்ணன்.

ஒருதரம் வாங்கின சோற்றோடு எழுந்து போவது இழவு வீட்டுப் பந்தி. நல்ல காரியத்துக்குச் சாப்பிடுகிறவன் மறுசோறு வாங்கித்தான் எழுந்திருக்க வேண்டும். இதை ஈஸ்வரபாண்டிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் தட்டைப் பார்த்தான். ஓரத்தில் கிடந்த பூண்டுத் தோலைப் பார்த்தான். கர்ணனின் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"சோறு தீந்துபோச்சு அத்தான். ஒல வைக்கணும்."

"வையி."

"உள்ள வாங்க. காத்து அடிக்குது."

கர்ணன் படியில் கால் வைக்கவில்லை. "தையில வெத்தலத் தட்ட மொதல்ல எவனுக்கு நீட்டுவ?"

ஈஸ்வரபாண்டி கை நுரையை வேட்டியில் துடைத்தான்.  இத்தனை வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தவன் மாதிரி பதில் சொன்னான்.

"ஒங்களுக்குத்தான். கூட்டத்துல கை மாறிப் போச்சுன்னா எந்திரிச்சுப் போயிராதீக."

கர்ணனுக்குச் சுருக்கென்று குத்தியது. வாய் வரை ஒரு பதில் வந்தது. நல்ல பதில். வாசலில் நின்று சொன்னால் நாலு பேர் கேட்கும்படியான பதில். அதை விழுங்கினார். குனிந்து வேனுக்குள் ஏறினார். மேஜைக்குப் பின்னால் உடம்பை நுழைத்து உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்து, காய்ந்துகொண்டிருந்த எச்சில் கையை முழங்காலில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஈஸ்வரபாண்டி அடுப்பைப் பற்ற வைத்தான்.  தண்ணீர் கொதித்ததும் அரிசியைக் களைந்து போட்டான்.

மணலைத் தட்டிக்கொண்டு அனுசுயாவும் யுவராணியும் வந்தார்கள். யுவராணி கதவுக்குள் தலையை நீட்டினாள். மாமாவையும் தட்டையும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். அனுசுயா அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கணவனின் கையை ஒருதரம் பார்த்தாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அரிசி பத்தாதுலே. இன்னொரு ஆழாக்குப் போடு. அவுக நாலு நாளா ரொட்டி தின்னவுக."